கிட்டார் வாங்கத் தஞ்சாவூர் போனோம், வேலை முடிந்தது வீணைப் பட்டறையில்

எலக்ட்ரிக் மாதிரி கைக்கு லேசாக இருக்கிற அகூஸ்டிக் கிட்டார் வேண்டும் என்று தஞ்சாவூரில் ஒரு கடையில் கேட்டேன். "இருக்கே சார்" என்று ஒன்றை இறக்கி, அதன் அடியில் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒயர் சொருக இருந்த ஓட்டையைக் காட்டினார் விற்பனையாளர். "பிக்கப் வச்சது. ஆம்ப்ல சொருகிட்டா எலக்ட்ரிக்தான்." நான் கேட்டது சத்தத்தைப் பற்றி இல்லை, விரலைப் பற்றி. அதை அந்தக் கடையில் கடைசிவரை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

கனடாவில், கால்கரியில் வீட்டில் நான் வாசிப்பது எலக்ட்ரிக். அதையும் ஆம்ப்பையும் விமானத்தில் தூக்கிக்கொண்டு வர முடியாது, அதனால் திருவையாற்றில் அம்மா வீட்டில் ஒரு அகூஸ்டிக் வாங்கி வைத்துவிடலாம், நான் இல்லாதபோது அக்கா மகன் வாசிப்பான் என்று ஏற்பாடு. அவனும் காலேஜில் நண்பனின் எலக்ட்ரிக்கில் பழகியவன். எலக்ட்ரிக்கில் முதல் தந்தி 0.009 அல்லது 0.010 அங்குலம், அகூஸ்டிக்கில் பெரும்பாலும் 0.012. அதைவிடப் பெரிய விஷயம் மூன்றாவது தந்தி. எலக்ட்ரிக்கில் அது வெறும் கம்பி, 0.017 வாக்கில். அகூஸ்டிக்கில் அதே தந்தி மேலே கம்பி சுற்றி 0.024. பெண்ட் செய்ய, அதாவது தந்தியை ஒதுக்கி இழுத்து ஸ்வரத்தை ஏற்ற நினைத்தால் விரல்தான் போகும், ஸ்வரம் ஏறாது.

இதையெல்லாம் வாசித்துப் பார்த்துத்தானே முடிவு செய்ய வேண்டும்? அங்கேதான் எரிச்சல். எல்லாக் கிட்டாருக்கும் பிளாஸ்டிக் உறை, தந்திகள் தளர்ந்து துரு ஏறி. சுருதி சேர்க்கக் கையை வைத்தால், "தந்தி அறுந்தா நீங்கதான் சார் காசு கொடுக்கணும்" என்கிறார். கழுத்தின் வளைவைக் கண்ணால் பார்க்கத் தூக்கிப் பிடித்தால் பக்கத்திலேயே வந்து நிற்கிறார். கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்டதும், வாரண்டி போய்விடும் என்று பதில். கால்கரியில் சாதாரணக் கடையில்கூட சுவர் முழுக்கக் கிட்டார் தொங்கும், நாமே எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசிக்கலாம், வாங்காமல் எழுந்து போனாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. மிருதங்கத்தைத் தட்டிப் பார்க்காமல் இந்த ஊரில் யாராவது வாங்குவார்களா? நாதஸ்வரத்தை ஊதிப் பார்க்காமல்? கிட்டாருக்கு மட்டும் ஏன் மிக்ஸி வாங்குவது போல அட்டைப் பெட்டியைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் எங்களுக்குச் சரிப்பட்டது அவர் காட்டியதே இல்லை. பின்னால் ஓரமாகத் தூசி படிந்து கிடந்தது, யமஹா ஏபிஎக்ஸ் 600. "அது மெல்லிசு சார், சத்தம் கம்மி" என்று அவரே தடுத்தார். மெல்லிசாக இருப்பதுதான் எங்களுக்கு வேண்டும். உடம்பு ஒல்லி, மேல் ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகள்) கை போக வெட்டு இருக்கிறது, நட் (தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பட்டை) அகலம் 43 மில்லிமீட்டர், தந்தி நீளம் 634 மில்லிமீட்டர். சாதாரண அகூஸ்டிக்கில் 650 வாக்கில் இருக்கும். நீளம் குறைந்தால் அதே தந்தி அதே சுருதிக்குக் கொஞ்சம் குறைந்த இழுப்பிலேயே நின்றுவிடும். மேல்பலகை முழு மரம் இல்லை, ஒட்டுப்பலகை. கால்கரியில் இதை மட்டமாகப் பேசுவார்கள். ஆனால் அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றில் மரம் வெடிக்காமல் இருக்கக் கிட்டார் பெட்டிக்குள் ஈரம் வைக்க வேண்டியிருக்கிறது, இங்கே ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பி, பிரிட்ஜ் (மேல்பலகையில் தந்தி கட்டும் கட்டை) மேலே ஏறி, தந்தியும் உயர்ந்துவிடும். காவிரிக் கரையில் வருஷம் முழுக்க வைத்திருக்க ஒட்டுப்பலகைதான் நல்லது.

வாங்கிவிட்டோம். வாசிக்கத்தான் முடியவில்லை. அக்கா மகன் ஸ்கேலை வைத்துப் பார்த்தான்: 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது தந்தி 3 மில்லிமீட்டருக்கும் மேலே நின்றது. எலக்ட்ரிக்கில் அது ஒன்றரை மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். சரிசெய்து கொடுங்கள் என்று கடைக்குப் போன் செய்தால், "புதுசுன்னா அப்படித்தான் இருக்கும், வாசிக்க வாசிக்கச் சரியாயிடும்." வாசித்தால் விரல்தான் காய்க்கும், தந்தி எப்படித் தானாக இறங்கும்?

அப்புறம் அவன்தான் சொன்னான், "மாமா, வீணை ரிப்பேர் பண்றவங்ககிட்ட கேட்டா என்ன?" மறுபடியும் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டித் தஞ்சாவூர். பெரிய கோயில் பக்கம் ஒரு தெருவில் பட்டறை. வாசலில் குடைந்து வைத்த பலாமரக் குடங்கள், உள்ளே மெழுகு உருக்கிய வாசனை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய தஞ்சாவூர் வீணை இந்த மாதிரிப் பட்டறைகளில்தான் உருவாகிறது. சின்ன வயதில் இந்தத் தெருவழியாகப் போகும்போது நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை.

அந்தப் பெரியவர் கிட்டாரை மடியில் வீணை மாதிரியே கிடத்தி, ஒவ்வொரு தந்தியாக அழுத்திப் பார்த்தார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, அடிச்சு வாசிப்பீங்களா, இழுத்து வாசிப்பீங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே. கடையில் மணிக்கணக்காக நின்று விளக்கியும் புரியாதது இவருக்கு ஒரே கேள்வியில் வந்துவிட்டது. வீணையில் கமகமே மெட்டின் (வீணையின் ஃப்ரெட்) மேல் தந்தியை ஒதுக்கி இழுப்பதில்தானே இருக்கிறது? 24 மெட்டும் மெழுகின் மேல் உயரமாக நிற்பதால் விரல் கீழே எதிலும் உராயாமல் தந்தி நழுவும். இழுப்பு என்றால் என்ன என்று அவர் கைக்குத் தெரியும்.

முதலில் தலைப்பக்கம் நட்டைப் பார்த்தார். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால் தந்திக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். இதில் விசிட்டிங் கார்டே நுழைந்தது. மெல்லிய அரத்தால் பள்ளத்தை ஒவ்வொன்றாக ராவினார். அப்புறம் பிரிட்ஜில் தந்திகள் உட்காரும் பட்டையான சேடிலை உருவி அடியில் தேய்த்தார். 12-ஆவது ஃப்ரெட்டில் எவ்வளவு இறங்க வேண்டுமோ, சேடிலில் அதைப் போல இரண்டு பங்கு தேய்க்க வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கணக்குப் போட்டுவிட்டார். நாங்கள் ஆன்லைனில் வாங்கியிருந்த 10 செட்டை (முதல் தந்தி 0.010 அங்குலம்) போட்டு, மூன்றாவது தந்திக்கு மட்டும் எலக்ட்ரிக் செட்டிலிருந்து 0.017 வெறும் கம்பியை மாட்டச் சொன்னேன். மாட்டினார், மீட்டினார், 12-ஆவதில் அழுத்தி மீட்டினார். "ஏறிப் பேசுது" என்றார். சுருதி ஏறித்தான் பேசும், அந்தச் சேடில் சுற்றுக்கம்பிக்காக அமைத்தது. சேடிலில் அந்த ஒரு தந்தி உட்காரும் இடத்தை மட்டும் பின்பக்கமாகச் சாய்த்து ராவி, திரும்பத் திரும்ப மீட்டி, காதாலேயே சரிசெய்தார். ட்யூனர் ஆப்பை நான் வெளியே எடுக்கவே இல்லை.

கூலி 400 ரூபாய். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். கால்கரியில் இதே வேலைக்கு 100 டாலர் கொடுத்து, கிட்டாரை விட்டுவிட்டு வந்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இப்போது அது முழு எலக்ட்ரிக் ஆகிவிட்டதா என்றால் இல்லை. தந்தி மெல்லிசானதால் சத்தம் குறைந்திருக்கிறது, பலமாக அடித்தால் ஆறாவது தந்தி ஃப்ரெட்டில் பட்டுச் சலசலக்கும், ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நீட்டினால் எலக்ட்ரிக் அளவுக்கு நிற்காது. ஆனால் மூன்றாவது தந்தியில் ஒரு முழு ஸ்வரம் இழுக்க முடிகிறது, ராத்திரி அம்மா தூங்கினபிறகு திண்ணையில் உட்கார்ந்து வாசிக்கவும் முடிகிறது. 10 செட் இரண்டும், தனியாக 0.017 கம்பி நாலைந்தும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். மழைக்காலத்தில் தந்தி உயர்ந்தால் கடைக்குப் போன் செய்துகொண்டிருக்காதே, நேரே பட்டறைக்குப் போ என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன்.