ஊசிக்கு அம்மா தேறவில்லை

லண்டனிலிருந்து ஊருக்கு வந்ததில் விமானம், வீடு, சிம் கார்டு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன, அதை விடுங்கள். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு முட்டும் நாள்பட்ட நுரையீரல் நோய். மழைக்காலம் வந்தால் இழுப்பு, உடனே ஸ்டீராய்டு மாத்திரை, அதைப் போட்டால் சுகர் 300-ஐத் தாண்டும். 2024 கடைசியில் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் ஆக்ஸ்ஃபோர்டும் சேர்ந்து செய்த பென்ராலிசுமாப் என்ற ஊசி மருந்தின் ஆய்வைப் படித்ததிலிருந்தே எனக்கு ஒரு ஆசை. ஆஸ்துமாவோ சிஓபிடியோ திடீரென மோசமான நேரத்தில் 158 பேரை வைத்துப் பார்த்திருந்தார்கள். வெறும் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களில் 74 சதவீதத்தினருக்கு 90 நாளுக்குள் சிகிச்சை பலிக்காமல் போனது. ஊசி போட்டவர்களில் அது 45 சதவீதம்.

அதே ரகத்தில் ஒரு ஊசியின் சோதனைக்கு இங்கேயும் ஆள் எடுப்பதாக டாக்டர் சொன்னதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பக்கம் பக்கமாக விளக்கினார்கள், அதை வீடியோவும் எடுத்தார்கள். டாக்டர் நீட்டினால் கையெழுத்து என்று இருந்த ஊரா இது! லண்டனில் எனக்கு ஸ்கேன் எடுத்தபோது இவ்வளவு பொறுமையாக யாரும் பேசியதில்லை.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளையணு கூடியிருந்தால்தான் இந்த ஊசி எடுபடும். எங்கள் சின்ன வயதில் தெருவில் இருமுகிற பிள்ளைக்கெல்லாம் 'ஈஸ்னோஃபீலியா' என்று பெயர் வைத்தது ஞாபகம் வந்தது. நம் ஊரில் வயிற்றுப் பூச்சியாலும் அது ஏறுமாம். பூச்சி மாத்திரை கொடுத்து, இன்னொரு நாள் வரச்சொல்லி, மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சரி, நியாயம்தான். அடுத்து ஸ்பைரோமெட்ரி, குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் பரிசோதனை. "ஊதுங்கம்மா, இன்னும், இன்னும், விடாதீங்க!" என்று பரிசோதனை எடுத்த பெண் கத்த, அம்மா குழாயை எடுத்துவிட்டு, "ஆயுசு பூரா அடுப்ப ஊதித்தான் தாயி இந்தக் கதி" என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு வந்தது அந்தக் கேள்வி: "பாட்டி, பீடி, சிகரெட் எத்தன வருசம்?"

"எங்க வீட்டு ஆம்பளைங்களே தொட்டதில்ல."

அவ்வளவுதான், தள்ளுபடி. தினம் ஒரு பாக்கெட் வீதம் பத்து வருடமாவது புகைத்திருக்க வேண்டுமாம். இந்த விதி இவர்கள் போட்டதில்லை. 2024-ல் அமெரிக்கா சிஓபிடிக்கு அனுமதித்த டூபிலுமாப் ஊசியின் சோதனைகளிலும் இதே கணக்குதான். புகைத்தவர்களை மட்டும் எடுத்தால் ஆஸ்துமாக்காரர்கள் உள்ளே கலக்க மாட்டார்கள் என்றார் டாக்டர். லண்டனுக்கு அது பொருந்தும். ஜன்னல் இல்லாத அடுப்படியில் சீமைக்கருவேல விறகோடு கிடந்தவரின் நுரையீரல் எந்தக் கணக்கில் சேரும்? கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு விறகுதானே! இந்தியாவில் சிகரெட்டைத் தொடாமலே சிஓபிடி வந்த பெண்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த ஊசி வேலை செய்யுமா என்று பிறகு யாரைக் கேட்பது?

விதி இருக்கட்டும். இந்த ஒரு கேள்வியை முதல் நாள் போனிலேயே கேட்டிருக்கலாமே என்றேன். "கேள்வி வரிசை கம்பெனி குடுத்தது சார், நாங்க மாத்த முடியாது" என்றது அந்தப் பெண். பழைய இன்ஹேலரையே தொடரச் சொல்லிவிட்டார்கள். பஸ் செலவுக்கான பணம் மட்டும் கவரில் போட்டு அன்றைக்கே வந்துவிட்டது.