மெடிக்கல் ஆயின்மெண்டா, லேப் பேக்கேஜா, ஜிஹெச் ஓபியா: "அந்த" பயம் வந்தா எங்க போறது?

என் கதையவே வச்சு சொல்றேன். ஊரு பாலக்கோடு பக்கம், வேலை ஓசூர்ல ஒரு கம்பெனியில, கல்யாணம் ஆகல. ஒரு தடவை காண்டம் இல்லாம இருந்துட்டேன், பத்து நாள்ல தொடை இடுக்குல அரிப்பு, வட்டமா சிவப்பு. அவ்ளோதான், பால்வினை நோயா இருக்குமோன்னு பயத்துல தூக்கம் போச்சு, பாத்ரூம்ல மொபைல் டார்ச் அடிச்சு அடிச்சு பாக்குறதே பொழப்பாச்சு.

முதல்ல மெடிக்கல். கூட்டத்துல "அண்ணா, அரிப்பு"ன்னு முனகினேன், எங்கன்னு கூட கேக்காம ஒரு டியூப் குடுத்துட்டார். ரெண்டே நாள்ல அடங்குச்சு, நிறுத்தினதும் சாப்பாட்டு தட்டு சைசுக்கு பரவுச்சு. அதுல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சது, சிவப்பு மேல அடங்கும், பூஞ்சை உள்ள நல்லா வளரும், அடுத்து பாக்குற டாக்டருக்கே அடையாளம் குழம்பிடும்.

பஸ் ஸ்டாண்ட் சுவத்துல நோட்டீஸ் ஒட்டி லாட்ஜுல ரூம் போட்டு பாக்குறவங்கள கணக்குலயே சேக்கல. என் ரூம்மேட் ஒரு மாச சம்பளத்த லேகியத்துக்கு குடுத்தான், கடைசில பாத்தா மொட்டு விளிம்புல வரிசையா இருக்குற பொடிப்பொடி பரு, அது நிறைய ஆம்பளைங்களுக்கு சாதாரணமா இருக்குறது, வியாதியே கிடையாது.

லேப் பேக்கேஜ் ஆசை காட்டும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, ரிப்போர்ட் வாட்சப்ல வந்துடும். நான் 12வது நாளே ரத்தம் குடுத்தேன், எல்லாம் நெகட்டிவ், ரெண்டு நாள் சந்தோஷம், அப்புறம்தான் இவ்ளோ சீக்கிரம் எடுத்தா செல்லாதுன்னு தெரிஞ்சது. ஹெச்ஐவிக்கு லேப்ல எடுக்குற நாலாவது தலைமுறை டெஸ்ட்னா 45 நாள் ஆகணும், விரல்ல குத்துற ரேபிட் டெஸ்ட்னா 3 மாசம். சிஃபிலிஸ்ல வலியே இல்லாத புண்ணு வரும், சராசரியா 3 வாரத்துல, 10 நாள்லயும் வரலாம் 90 நாளும் ஆகலாம். ஒண்ணுக்கு போறப்ப எரிஞ்சு சீழ் வர்ற வெட்டை ரத்த டெஸ்ட்ல தெரியாது, அதுக்கு யூரினோ சீழோ எடுத்து பாக்கணும். இது தெரியாம மூணு தடவை ரத்தம் குடுத்தேன், ஒவ்வொரு நெகட்டிவுக்கும் ஒரு புது சந்தேகம்தான் வந்துச்சு.

கடைசியா ஜிஹெச். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுமே இப்ப மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, பால்வினை நோய்க்கு சுகவாழ்வு மையம், ஹெச்ஐவிக்கு நம்பிக்கை மையம், ரெண்டும் ஃப்ரீ. சங்கடம் என்னன்னா க்யூ, அதுல நம்ம ஊர்க்காரங்க. பெரியம்மா சொந்தத்துல ஒருத்தர் ஓபி சீட்டு வாங்க நிப்பாரோன்னு பயந்து நான் தர்மபுரிய விட்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன், ஒரு மணி நேரம்தான், கிருஷ்ணகிரிக்காரங்க இதையே திருப்பி பண்ணலாம்.

டாக்டர் பாக்க மூணு நிமிஷம் கூட ஆகல. ஸ்க்ரீன் இழுத்தாங்க, லைட் அடிச்சு பாத்தாங்க, "தம்பி, ஜீன்ஸோட எத்தன மணி நேரம் நிக்கிற?" ன்னாங்க. 12 மணி நேர ஷிப்ட்டுங்க. "படர்தாமரை. அந்த டியூப தூக்கி போடு." அதோட விடல, நடந்தத கேட்டு, கவுன்சலர் கிட்ட அனுப்பி, மூணு மாசம் முடிஞ்சதும் ஒரு டெஸ்ட்டுக்கு வர சொன்னாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன், யாரும் திட்டல.

பிரைவேட் தோல் டாக்டரும் இதையேதான் பாப்பாங்க, பீஸ் குடுக்க முடிஞ்சா, சாயங்காலம்தான் நேரம்னா தாராளமா போங்க. ஆனா காண்டம் கிழிஞ்சு 72 மணி நேரம் ஆகலன்னா இந்த அலசல் எல்லாம் வேணாம், நேரா ஜிஹெச், டாக்டர் தேவைன்னு சொன்னா ஹெச்ஐவி வராம தடுக்குற 28 நாள் மாத்திரைய உடனே ஆரம்பிக்கணும். நேர்ல போக கூச்சமா இருந்தா மொதல்ல ஹெச்ஐவி ஹெல்ப்லைன் 1097க்கு அடிங்க, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம்.

என் ஓபி சீட்டு இன்னும் பர்ஸ்ல இருக்கு. அதுல "தோல்"னு மட்டும்தான் எழுதியிருக்கு.