புகைப்பிடிக்கும் பெண்ணுக்கு எந்தக் கருத்தடை? எஸ்ட்ரோஜன் உள்ளவையும் இல்லாதவையும்

கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே புகைப்பிடித்தால் ஆபத்தா என்ற கேள்விக்கு, மாத்திரையின் பெயரைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உள்ள மாத்திரை என்றால் ஆபத்து. 35 வயதைத் தாண்டியவருக்குப் பேராபத்து. எஸ்ட்ரோஜன் இல்லாதது என்றால், புகைக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுக்க வேண்டியதில்லை. நம் ஊரில் இந்த வேறுபாட்டை மருந்துக்கடையில் யாரும் சொல்வதில்லை. பெண்கள் புகைப்பதை மருத்துவரிடமும் சொல்வதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் எஸ்ட்ரோஜன் வகை. மாலா-டி என்ற கருத்தடை மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம். 28 மாத்திரைகளில் 21 ஹார்மோன், 7 வெறும் இரும்புச்சத்து. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரும் மாலா-என்னும் இதே கலவைதான். எந்த அட்டையாக இருந்தாலும் தேட வேண்டிய பெயர் 'எத்தினைல் எஸ்ட்ராடியால்'. இதுதான் அந்த எஸ்ட்ரோஜன். பலருக்குத் தெரியாமலே இது உள்ளே போகிறது. பிசிஓடி எனும் சினைப்பை நீர்க்கட்டிக்கும் முகப்பருவுக்கும் எழுதித் தரும் டயான்-35, கிரிம்சன்-35 இரண்டிலும் சைப்ரோட்டெரோன் என்ற ஹார்மோன் மருந்தோடு 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியால் இருக்கிறது. "நான் கருத்தடை மாத்திரை எதுவும் சாப்பிடவில்லையே" என்று சொல்பவர்களில் இவர்களும் உண்டு. வெளிநாடுகளில் பயன்படும் தோல் பட்டை, பிறப்புறுப்பு வளையம் ஆகியவையும் இதே வரிசைதான். வயிற்றின் வழியாகப் போகாததால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். எத்தினைல் எஸ்ட்ராடியால் எந்த வழியில் நுழைந்தாலும் கல்லீரலைத் தூண்டத்தான் செய்யும்.

கல்லீரல் தூண்டப்பட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் கூடும், உறைதலைத் தடுக்கும் புரதம்-எஸ் போன்றவை குறையும். சிகரெட் வேறு பக்கத்திலிருந்து தாக்குகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டும்படி செய்கிறது. நிக்கோட்டின் குழாயைச் சுருக்குகிறது, கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் பறிக்கிறது. ஆகவே புகைப்பவருக்குப் பெரிய பயம் காலில் கட்டும் ரத்தக்கட்டி மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும்தான். மாத்திரையும் சிகரெட்டும் சேரும்போது ஆபத்து வெறும் கூட்டலாக நிற்பதில்லை, ஒன்றை ஒன்று பெருக்கிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி அட்டவணை 1 முதல் 4 வரை போகிறது. 1 தடையில்லை, 2 பொதுவாகக் கொடுக்கலாம், 3 பொதுவாகத் தவிர்க்க வேண்டும், 4 கொடுக்கவே கூடாது. 35 வயதுக்குக் கீழ் புகைப்பவருக்கு எஸ்ட்ரோஜன் மாத்திரை 2. 35 ஆகிவிட்டால், நாளைக்கு 15 சிகரெட்டுக்குக் கீழ் என்றால் 3. 15 அல்லது அதற்கு மேல் என்றால் 4. பீடியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே நல்லது. இதில் இன்னொன்றும் சேரலாம்: கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்த பிறகு வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால், புகைக்காதவருக்கும், எந்த வயதிலும் 4தான். ரத்த அழுத்தம் 160/100ஐத் தொட்டாலும் அப்படியே. 28 வயதில் புகைத்தபடி மாத்திரை சாப்பிடுபவர் குறைந்தபட்சம் ரத்த அழுத்தமாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கம், எஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு வகை ஹார்மோன் மட்டும் உள்ளவை: டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் மாத்திரை, கையில் தோலுக்கு அடியில் வைக்கும் குச்சி, ஹார்மோன் காப்பர்-டி என்று பேச்சில் சொல்லப்படும் கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம், அந்தரா என்ற கருத்தடை ஊசி. புகைப்பவருக்கு எந்த வயதிலும் இவை 1. ஆனால் நான்கும் ஒன்றல்ல. டெசோஜெஸ்ட்ரலை இடைவெளி இல்லாமல் தினமும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்; 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பாதுகாப்பு தளரும். ஒழுங்கற்ற ரத்தக் கசிவு வரும், அதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம்.

அந்தரா 150 மில்லிகிராம், 3 மாதத்துக்கு ஒருமுறை. மறதிக்காரருக்கு வசதி. ஆனால் புகைப்பவருக்கு இதை முதல் தேர்வாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஊசியும் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கிறது, புகையும் குறைக்கிறது. புகையோடு சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பலவும் சேர்ந்திருந்தால் அட்டவணையில் ஊசி 3க்கு ஏறிவிடும். சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவருக்கும் பொருந்தாது, நிறுத்திய பின் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம்.

ஹார்மோனே வேண்டாம் என்றால் காப்பர்-டி. 380ஏ வகை 10 ஆண்டு, 375 வகை 5 ஆண்டு. மாதவிடாய் ரத்தமும் வலியும் கூடும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர் யோசித்துச் செய்ய வேண்டும். 35ஐத் தாண்டிய, அதிகம் புகைக்கும், இனிக் குழந்தை வேண்டாத பெண்ணுக்கு இதுவோ லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனமோதான் சரியான தேர்வு என்பது எங்கள் கருத்து.

திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கும் நோரெதிஸ்டெரோன் 5 மில்லிகிராம் மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது. பெயரளவில் புரோஜெஸ்டின்தான், ஆனால் நாளைக்கு மூன்று என்ற அளவில் அதன் ஒரு பகுதி உடலுக்குள் எத்தினைல் எஸ்ட்ராடியாலாக மாறுகிறது. 35 தாண்டிப் புகைப்பவர் கடையில் தானாக வாங்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு இன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு வெறுமனே இருந்துவிடாதீர்கள். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின் வரும் வாரங்களிலும் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையால் வருவதைவிட அதிகம். மாற்றும் முறை எளிது: 21வது ஹார்மோன் மாத்திரைக்கு மறுநாளே, இரும்பு மாத்திரைகளைத் தொடாமல், டெசோஜெஸ்ட்ரலைத் தொடங்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச் சதை வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

புகையை விட்ட மறுநாளே பழைய மாத்திரைக்குத் திரும்பலாமா? 35க்கு மேல் என்றால் கூடாது. பிரிட்டிஷ் வழிகாட்டுதல் விட்ட முதல் ஓராண்டுக்கு 3 என்றும், அதன் பிறகே 2 என்றும் சொல்கிறது. அந்த ஓராண்டும் புரோஜெஸ்டினோ காப்பர்-டியோ இருக்கட்டும். புகையை விட உதவிக்கு அரசின் இலவச எண் 1800-11-2356.