பழைய சுத்தியல் துப்பாக்கிக்கு உதிரிபாகம்: கழற்றியதா, வார்ப்பா, வெல்டிங்கா, புதிதாகச் செய்வதா?

வெளியே சுத்தியல் தெரியும் இரட்டைக்குழல் துப்பாக்கியில் ஏதாவது உடைந்துவிட்டால், எல்லோரும் முதலில் தேடுவது செய்தவர் பெயரைத்தான். பெயர் தெரிந்தால் பாகம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. இந்த வகைத் துப்பாக்கியில் பெயர் பல நேரம் ஏமாற்றும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சிறு பட்டறைகள், வாங்குகிறவர் கேட்ட பெயரைப் பொறித்து ஏராளமாக ஏற்றுமதி செய்தன. அமெரிக்காவின் கிரெசென்ட் நிறுவனமும் கடைக்காரர்கள் கேட்ட பெயரையெல்லாம் பொறித்துக் கொடுத்தது. ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது இங்கிலாந்தின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனம் செய்த துப்பாக்கி என்று அர்த்தமில்லை. குழல் வெடியின் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சோதித்து அதன் அடியில் அடிக்கும் சோதனை முத்திரைதான் நம்பகமானது. முட்டை வடிவத்துக்குள் ‘இ எல் ஜி’ என்ற ரோமன் எழுத்துகள் இருந்தால் லியேஜ். அதன் மேல் கிரீடமும் இருந்தால் 1893-லோ அதற்குப் பிறகோ சோதிக்கப்பட்டது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை அரத்தால் ராவிப் பொருத்தப்பட்டவை. ஒரே பட்டறையில் ஒரே வாரத்தில் செய்த இரண்டு துப்பாக்கிகளின் பாகங்கள்கூட மாற்றிப் போட்டால் உட்காராமல் போகலாம். அதனால் பாகம் கிடைப்பது பாதி வேலைதான், பொருத்துவது மீதி.

பழைய துப்பாக்கிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் அமெரிக்காவின் நம்ரிச் பலருக்கும் தெரிந்த பெயர். ரெமிங்டன் 1889, கிரெசென்ட் மாதிரி எண்ணிக்கையில் அதிகம் செய்யப்பட்டவை என்றால் இந்த வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கொஞ்சம் ராவினாலே உட்கார்ந்துவிடும். பெயரில்லாத லியேஜ் துப்பாக்கிக்கு இது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஸ்க்ரூ விஷயத்தில் மட்டும் கழற்றிய பாகத்தை மிஞ்ச எதுவும் இல்லை. அந்தக் காலத்து மரைகள் இன்றைய அளவுகளோடு ஒத்துப்போவதில்லை. புது ஸ்க்ரூவைக் கட்டாயப்படுத்தித் திருகினால் லாக் பிளேட்டின் (சுத்தியலை இயக்கும் ‘லாக்’ என்ற பொறி பொருத்தப்பட்ட பக்கத் தகடு) மரையும் போய்விடும். பாகங்களுக்காகவே இன்னொரு துப்பாக்கியை முழுதாக வாங்குவதை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். பழுது பார்த்தால் பிழைக்கக்கூடிய ஒன்றைப் பிரித்துப் போடுவது மனசுக்கு ஒப்பவில்லை. தவிர, பல நாடுகளில் குழலும் பாடியும் சட்டப்படி துப்பாக்கியாகவே கணக்கு. உரிமம் பற்றி விசாரித்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

சுத்தியலே முழுதாகக் காணாமல் போயிருந்தால் வார்ப்புதான் நல்ல வழி. முடிக்கப்படாத எஃகு வார்ப்புகளாகப் பல வடிவங்களில் விற்கிறார்கள். அவற்றைத் தேர்ந்தெடுப்பது பெயரை வைத்து அல்ல, அளவை வைத்து. டம்ப்ளரின் (லாக்குக்குள் சுத்தியலோடு சேர்ந்து சுழலும் துண்டு) சதுர முனை உட்காரும் துளையின் மையத்திலிருந்து, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைத் தட்டும் முகத்தின் மையம் வரை எவ்வளவு தூரம்? இதுதான் முதல் அளவு. லாக் பிளேட்டிலிருந்து முகம் எவ்வளவு உள்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது இரண்டாவது. இடமா வலமா என்பது அப்புறம். இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருப்பதால் ஒன்றை மற்றதன் இடத்தில் போட முடியாது. உடையாத பக்கத்துச் சுத்தியல் இருந்தால் மூன்றையும் அதிலேயே அளந்துவிடலாம்.

இந்த வார்ப்புகள் பலவற்றில் சதுரத் துளை இருக்காது. குறை என்று நினைக்காதீர்கள், அதுதான் வசதி. லாக்கை விடுபட்ட நிலையில், அதாவது சுத்தியல் விழுந்து முடிந்த நிலையில் வைத்து, சுத்தியலின் முகம் பின்னின் தலையில் சரியாகப் படும் கோணத்தைக் குறித்துக்கொண்டு, முதலில் வட்டமாகத் துளையிட்டு, பிறகு சிறு சதுர அரத்தால் மூலைகளை எடுக்க வேண்டும். ஒவ்வொரு சில தேய்ப்புக்கும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கோணம் கொஞ்சம் தப்பினாலும் சுத்தியல் பின்னை எட்டாது, அல்லது பாதி நிலையில் (பாதி மட்டும் பின்னிழுத்துப் பாதுகாப்புக்காக நிறுத்தும் இடம்) நிற்கும்போது பின்னுக்குப் பக்கத்திலேயே தொங்கும். துளையோடு வரும் பழைய சுத்தியலில் இந்தத் திருத்தத்துக்கு இடமே இல்லை. வார்ப்பைக் கழற்றியதற்கு மேலே வைக்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

உடைந்த துண்டு கையில் இருந்தால் நான் வெல்டிங்கைத்தான் முதலில் பார்ப்பேன். கட்டைவிரல் வைக்கும் கொம்பு முறிவதும், முகம் தேய்ந்து பள்ளமாவதும் வழக்கமான பழுதுகள். மின்பொறியால் நுணுக்கமாக வெல்டிங் செய்யும் நல்ல டிக் (TIG) வெல்டர் உலோகத்தை ஏற்றிக் கொடுத்தால் ராவி வடிவத்துக்குக் கொண்டு வரலாம். பழைய செதுக்கு வேலையும் பெருமளவு தப்பும். சூடுபட்ட இடத்தில் மேல்தோலின் கடினம் போய்விடும் என்பதால் அதைத் திரும்பக் கடினமாக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு வெல்டிங் வேண்டவே வேண்டாம். சுத்தியலை நிறுத்திப் பிடிக்கும் டம்ப்ளரின் வெட்டுகளை ஏற்றித் திரும்ப வெட்டுவது துப்பாக்கி வேலையே தொழிலாகக் கொண்டவர் செய்ய வேண்டியது. பாதி நிலை வெட்டு நழுவினால் குண்டு தானாகப் பாயலாம்.

ஃபயரிங் பின்னைக் கடை கடையாகத் தேடுவது வீண். கருவி எஃகுக் கம்பியில் லேத்தில் கடைந்து கொடுக்கச் சொல்லலாம். முனை அரைவட்டமாக மழுங்கியிருக்க வேண்டும். கூராக இருந்தால் தோட்டாவின் பிரைமரை, அதாவது தட்டியதும் பற்றிக்கொள்ளும் சிறு மூடியை, துளைத்துவிடும். பெரிய ஸ்பிரிங்கும் அப்படியே. வளைந்த வி வடிவ ஸ்பிரிங்கை ஸ்பிரிங் எஃகில் அடித்து, எண்ணெயில் குளிரவைத்து, நீல நிறம் வரும்வரை பதம் பார்த்துச் செய்வார்கள். கீறல் குறுக்கே இருந்தால் அங்கேதான் முறியும் என்பதால் நீளவாக்கில்தான் மெருகு போடுவார்கள். முறிந்த இரண்டு துண்டுகளையும் மாதிரிக்காகக் கொடுங்கள்.

பழைய பாகத்தையே அச்சாக வைத்து வார்ப்பதும் உண்டு. உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சுருங்கும். அதை முன்கூட்டியே சேர்க்காவிட்டால் பாகம் சிறிதாகிவிடும்.

எதற்கும் பணம் செலவழிக்கும் முன் குழலைத் தகுதியுள்ளவரிடம் காட்டுங்கள். முறுக்கிய இரும்பில் செய்த டமாஸ்கஸ் குழல்களும், தோட்டா உட்காரும் இடம் 65 மில்லிமீட்டரே உள்ள அறைகளும், பழைய வெடிமருந்தான கரும்பொடிக்கு மட்டுமே சோதிக்கப்பட்டவையும் இவற்றில் நிறைய. இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அவற்றுக்கானது அல்ல. சுடத் தகுதியில்லை என்று தெரிந்தால் தேவையும் மாறிவிடும்: ஸ்பிரிங்கும் பின்னும் வேண்டாம், பார்வைக்குப் பொருந்தும் ஒரு வார்ப்புச் சுத்தியல் போதும். சுடலாம் என்றால் கழற்றிய லாக் பிளேட்டைத் தாளில் வைத்து வரைந்து, முத்திரைகளையும் உடைந்த பாகத்தையும் அளவுகோலோடு படமெடுத்து, விற்பவருக்கு அதையெல்லாம் சேர்த்து அனுப்புங்கள்.