வாக்குத்தத்தப் பெட்டியும் வசனக் காலண்டரும்: வாங்குவதற்கு முன் எரேமியா 29ஐ ஒருமுறை திறந்து பாருங்கள்

டிசம்பர் பிறந்ததும் இலங்கை மலையகத்துக் கடைத்தெருக்களில் அடுத்த ஆண்டுக்கான வேத வசனக் காலண்டர்கள் தொங்கத் தொடங்கிவிடும். 31ஆம் திகதி நள்ளிரவு ஆராதனையில், கடவுளின் வாக்குறுதியாக ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். வீட்டு அலுமாரியில் ஏற்கெனவே ஒரு வாக்குத்தத்தப் பெட்டி இருக்கும், காலையில் ஆளுக்கொரு அட்டை எடுப்பார்கள். வேலை நிலைக்குமா, பிள்ளையின் படிப்புக்குப் பணம் வருமா, மழைக்கு மண்மேடு தாங்குமா என்று எதுவும் தெரியாத நாட்களில் கைக்கு முதலில் எட்டுவது இவைதான். அதனால் எது வாங்கத் தகுந்தது என்று பார்த்து வாங்க வேண்டும். அட்டையின் அழகை இரண்டாவதாகப் பார்க்கலாம். அது வாசிக்கிறவரை அந்த வசனம் வரும் வேத அதிகாரத்துக்குள் அழைத்துப் போகிறதா, வாசலிலேயே நிறுத்திவிடுகிறதா என்பதே முதல் கேள்வி.

எந்தப் பெட்டியைத் திறந்தாலும் எரேமியா 29:11 இருக்கும். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” பல அட்டைகளில் இந்த ஒரு வரியோடு சரி. ஆனால் இது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் நடுவில் வருகிற வரி. அதற்கு முந்தைய வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அந்தக் கடிதத்தைப் பெரியவர்களாக இருந்து கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள், பேரப்பிள்ளைகளுக்கே அது கிடைத்திருக்கும். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சபை நடுவே சொன்னான். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேரே சொன்னார், அந்த வருஷமே அவன் செத்துப்போனான். 29:11ஐத் தனியாக வெட்டி ஒட்டும் அட்டை, எரேமியாவின் வார்த்தையை அனனியாவின் குரலில் சொல்லிவிடுகிறது.

முழுக் கடிதமும் கையில் இருந்தால் கிடைப்பது இன்னும் பெரியது. “நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்” என்கிறது 5ஆம் வசனம். இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது 7ஆம் வசனம். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தும் காணி உறுதி கையில் இல்லாத குடும்பத்துக்கு இந்த வரிகள் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். காத்திருக்கிற காலத்திலும் வீட்டுக்கு முன்னால் நாலு பாத்தி லீக்ஸ் போடச் சொல்கிற கடவுள் அவர். 5 முதல் 14 வரை வாசித்தால் மூன்று நிமிடம் ஆகாது.

ஆகவே பெட்டி வாங்கும்போது கடையிலேயே பத்து அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். புத்தகம், அதிகாரம், வசனம் மூன்றும் முழுதாக இருக்க வேண்டும். “சங்கீதம்” என்று மட்டும் போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். வசனத்தின் முன்பாதியை விழுங்கிவிட்டுப் புள்ளிகள் வைத்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். மத்தேயு 6:33இல் “கூடக் கொடுக்கப்படும்” என்பது பின்பாதி, “முதலாவது தேடுங்கள்” என்பது முன்பாதி. பின்பாதியை மட்டும் அச்சிட்ட அட்டை, கடனைச் சொல்லாமல் வரவை மட்டும் காட்டும் கணக்குக் கொப்பி மாதிரி. ஆபகூக் 3:18இன் மகிழ்ச்சியும் அப்படித்தான். அத்திமரம் துளிர்க்காது, வயலில் தானியம் இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று 17ஆம் வசனம் அடுக்கிய பிறகே அந்த மகிழ்ச்சி வருகிறது. தேயிலைக் கொழுந்து குறைந்து, நாள் சம்பளத்துக்கான பேர் கிடைக்காத மாதத்தில் தேவைப்படுவது அந்த 17ஆம் வசனம்தான்.

இன்னொரு சோதனையும் உண்டு. பெட்டிக்குள் புலம்பல் இருக்கிறதா? “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம் ஒரு அட்டையிலாவது இருந்தால் அதைத் தொகுத்தவருக்கு வேதம் தெரியும் என்று நம்பலாம். பெரும்பாலான பெட்டிகளில் இது இருப்பதில்லை, பெரிய குறை இது. மரணம் நடந்த வீட்டில் எடுக்கிற ஒவ்வொரு அட்டையும் ஆசீர்வாதம், வெற்றி, உயர்வு என்றே வந்தால் எடுத்தவர் தன் விசுவாசத்தில்தான் ஓட்டை என்று நினைத்துக்கொள்வார்.

பெட்டியால் வரக்கூடிய உண்மையான ஆபத்து, அதை வைத்து முடிவெடுப்பது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதா வேண்டாமா என்று அட்டை எடுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அச்சகத்தில் கலைத்துப் போட்ட அடுக்கில் மேலே வந்த தாள் அது, அவ்வளவுதான். யாக்கோபு 1:5 ஞானத்தைக் கேட்கச் சொல்கிறது, நீதிமொழிகள் 15:22 ஆலோசனைக்காரரைத் தேடச் சொல்கிறது. ஜெபித்துவிட்டு, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழ் தெரிந்தவரிடம் கொடுத்து வாசித்துக் கேளுங்கள். இது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

91ஆம் சங்கீதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்துவார்கள் என்ற அட்டை மழைக்காலத்தில் கையில் வந்தால், லயத்தைவிட்டு இறங்கத் தேவையில்லை என்று ஒருவர் நினைத்துவிடக்கூடும். அதே வசனத்தைத் தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் சொன்னவன் பிசாசு என்று மத்தேயு 4:6 காட்டுகிறது. கர்த்தரைப் பரீட்சை பாராதே என்று உபாகமத்திலிருந்தே இயேசு பதில் கொடுத்தார். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடியதை மலையகம் மறக்காது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அறிவிப்பு வராவிட்டாலும் தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகி நிற்கும் கதவு ஆகியவற்றைக் கண்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள். “விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான்” என்பதும் வேதம்தான் (நீதிமொழிகள் 22:3). அந்த அட்டையைக் கடையில் காண்பது அரிது.

மூன்று பொருட்களில் எங்கள் தேர்வு, நாள்தோறும் கிழிக்கும் காலண்டர். ஒரு நிபந்தனை: வசனத்தோடு அன்றைய வாசிப்புப் பகுதியும் அச்சாகியிருக்க வேண்டும். நாளுக்கொரு வசனம் என்ற பழக்கத்தை 1728இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கினார்கள், 1731 முதல் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள். அதில் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்தாலும், அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் உட்கார்ந்து தேடித்தான் சேர்க்கிறார்கள். அந்த இரண்டாவது வசனமும் வாசிப்புப் பகுதியும் இருக்கிற காலண்டர் ஒன்றைக் கண்டால் விலை கொஞ்சம் கூடினாலும் எடுக்கலாம். கத்தோலிக்க வீட்டுக்குப் பரிசாகக் கொடுப்பதானால் பெயர்கள் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். திருவிவிலியத்தில் சங்கீதம் “திருப்பாடல்கள்”, ரோமர் “உரோமையர்”.

மலையகத்துக் குளிருக்கு என்று ஒரு கவனிப்பும் வேண்டும். வெளிச்சுவரில் தொங்கவிட்டால் பனிக்காலத்தில் தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒன்றைக் கிழித்தால் மூன்று வரும். உள்சுவரில், அடுப்புப் புகை படாத இடத்தில் ஆணி அடியுங்கள். பெட்டி அட்டையின் ஓரத்தை ஈர விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். மை இழுபட்டால் அது மாரி தாங்காது.

எதுவும் பிடிக்கவில்லையா? ஒரு பிரிஸ்டல் போர்ட்டை வாங்கி 31 துண்டாக வெட்டுங்கள். முன்பக்கம் வசனம் முழுதாக, குறிப்போடு. பின்பக்கம் மூன்று வரி: யார் யாருக்குச் சொன்னது, எந்த நெருக்கடியில், அதற்கு முன் என்ன வருகிறது. ரோமர் 8:28 எழுதினால், அந்த “நன்மை” எது என்று 29ஆம் வசனம் சொல்வதையும் எழுதுங்கள். குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவதுதான் அந்த நன்மை. சங்கீதம் 121 எழுதினால் முதல் வசனத்தோடு நிறுத்தாமல், ஒத்தாசை வருவது வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடமிருந்து என்ற இரண்டாவதையும் சேருங்கள். பிள்ளைகள் எழுதட்டும். ஓர் அட்டைக்கு அதிகாரத்தை வாசிக்கிற நேரத்தோடு கால் மணித்தியாலம் போகும். நாளுக்கு இரண்டு என்று எழுதினால் 16 நாளில் முடியும், டிசம்பர் நடுவில் தொடங்கினாலும் நள்ளிரவு ஆராதனைக்குப் புறப்படுமுன் பெட்டி நிறைந்துவிடும்.