பிடரி வளர்த்துத் தருகிறேன் என்பவரிடம் குதிரையை விடாதீர்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை நெருங்கும்போது, குதிரை வைத்திருப்பவர்களைத் தேடிச் சிலர் வருவார்கள். "பிடரி முடி கம்மியா இருக்குதுங்களே, மூணு மாசம் நம்ம லாயத்துல விடுங்க, கழுத்துக்குக் கீழ இறக்கித் தர்றேன்" என்பார்கள். தயவுசெய்து விடாதீர்கள். என் குதிரைக்கு நடந்ததை எழுதுகிறேன். ஆளின் பெயரைப் போடவில்லை, அவர் செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

என்னிடம் இருப்பது ராஜஸ்தான் இனமான மார்வாரியில் ஒரு கருப்புப் பெண் குதிரை. சுழி சுத்தம் (உடம்பில் முடி சுழிகிற இடங்களில் ஆகாத சுழி எதுவும் இல்லை), நுனியோடு நுனி தொடும் காது, நல்ல நடை. நான் வாங்கும்போது பிடரியை அடியோடு மழித்திருந்தார்கள். மழித்த பிடரி வளரும்போது முதல் சில மாதம் துடைப்பம் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். அப்புறம் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று பிரிந்து விழும். குதிரைக்குப் பிடரி முடி மாதத்துக்கு அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம்தான் வளரும். ஒரு பக்கமாகப் படிந்து விழவே ஒரு வருஷம் வரை ஆகிவிடும், நாலு பேர் நின்று பார்க்கிற நீளத்துக்கு இன்னும் கூடுதலாக ஆகும். எந்த எண்ணெயும் இந்தக் கணக்கை மாற்றாது. ஆனால் சந்தைக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறவரிடம், நடுவில் இருக்கிற அந்த அலங்கோலமான கட்டத்தில் வந்து பேசினால் பேச்சு எடுபடும். அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள்.

அப்படி வந்த ஒருவரை நம்பி, அவளை அவருடைய லாயத்தில் விட்டேன். மூலிகை எண்ணெய், தனித் தீவனம், தினமும் பின்னல் என்று சொல்லி முன்பணமும் மாதச் செலவும் வாங்கினார். "அடிக்கடி வராதீங்க, குதிரை ஏங்கிப்போகும்" என்றார். வாட்ஸ்அப்பில் படம் வரும். எல்லாப் படமும் தூரத்திலிருந்து, ஒரே பக்கத்திலிருந்து, கழுத்தில் ஜரிகைத் துணி போர்த்தி எடுத்தது. துணியை எடுத்துவிட்டுப் படம் போடச் சொன்னால், எண்ணெய் ஊறுகிறது, காற்றுப் படக்கூடாது என்பார்.

கூட்டி வரப் போன அன்று பிடரி பளபளவென்று தோள் வரை தொங்கியது. தடவிப் பார்க்கக் கையைக் கொண்டுபோனேன், அவள் தலையை வெடுக்கென்று திருப்பி விலகினாள். கழுத்தைத் தொடக் கொடுக்காத குதிரை இல்லை அவள். மெதுவாகத் தட்டிக்கொடுத்து முடியை விலக்கினால், அடியில் வரிசையாக நைலான் நூல் முடிச்சுகள். பாதிக்கு மேல் அவள் முடியே கிடையாது. வேறு முடியை வாங்கிச் சாயம் போட்டு, அவளுடைய குட்டை முடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்தால் துணி கருப்பானது. ஒவ்வொரு முடிச்சுக்கும் கீழே பொருக்குத் தட்டிய புண், அதன் மேல் பழைய வண்டி ஆயில் வாடை. புண்ணை மறைக்க ஆயிலைத் தடவியிருக்கிறார்கள்.

நூலை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தபோது, நான் பார்த்துப் பார்த்து வளர்த்த முடியும் முடிச்சோடு சேர்ந்து உதிர்ந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். இறுக்கிக் கட்டியதால் வேர் பலவீனமாகி முடி உடைந்திருக்கிறது என்றார். போதாததற்குக் கழுத்தில் இரண்டு இடத்தில் படர்தாமரை. பல குதிரைக்கு ஒரே சீப்பு, ஒரே பிரஷ் போட்டால் ஒட்டிக்கொள்வது அது, மனிதருக்கும் வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கவனமாக இருங்கள். படர்தாமரை மருந்தில் ஆறிவிடும். ஆனால் ஆழமாகப் புண்ணான தோலில் மறுபடி முளைக்கும் முடி வெள்ளையாக வரலாம். கருப்புப் பிடரியில் அது காலம் முழுக்கத் தெரியும்.

அந்த ஆளிடம் கேட்டதற்கு, குதிரையே சுவரில் உரசிக்கொண்டது என்றார். சுவரில் உரசினால் முடி கண்டபடி உடையும், தோல் பரவலாகச் சிராயும். ஒரே இடைவெளியில் வரிசையாகப் புண் வராது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததைக் காட்டியதும், "சந்தைக்கு எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்று பேச்சை மாற்றிக்கொண்டார். பணம் திரும்பி வரவில்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்.

பிடரியை வளர்க்க வீட்டிலேயே செய்யக்கூடியதுதான் வேலை. தினம் தண்ணீர் தொட்டு ஒரு பக்கமாகப் படிய வையுங்கள். பின்னினால் தளர்வாகப் பின்னி, சில நாளில் அவிழ்த்துவிடுங்கள். அடியில் ஒரு விரல் நுழையாத பின்னல் முடியைத் தின்றுவிடும். சிக்கை விரலால் எடுத்துவிட்டு, நுனியிலிருந்து மேலே மேலே போய்ச் சீவுங்கள். தேங்காய் எண்ணெய் நுனிக்குத் துளி போதும், வேரில் ஊற்றினால் தூசி அப்பிக்கொண்டு அரிப்புதான் வரும். அரிப்பு வந்தால் உரசும், உரசினால் ஆறு மாத வளர்ச்சி ஒரே வாரத்தில் போய்விடும். சாயங்காலமும் விடியற்காலையிலும் கடிக்கிற பொடிக்கொசுதான் இதில் பெரிய எதிரி. அதற்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு கிடையாது, அதனால் லாயத்தில் ஒரு மின்விசிறி ஓடினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

சந்தையில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம், பிடரியை மட்டும் தள்ளி நின்றே ரசிக்கிறோம். பிடரியை முழுக்கத் தூக்கி, இரண்டு பக்கமும் வேர் வரை விரலால் தடவுங்கள். நூல், முடிச்சு, பசை எதுவானாலும் கையில் தட்டுப்படும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தும் பாருங்கள். துடைக்க விடமாட்டேன் என்று விற்பவர் மறுத்தால், அந்தக் குதிரைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.