பயமா, நம்பிக்கையா: நோக்கியாவும் ஃபோர்டும்

மேலே இருப்பவர் கத்தினால்தான் வேலை நடக்கும் என்பவர்கள் நோக்கியாவைப் பார்க்கலாம். 2007-இல் ஐஃபோன் வந்ததும் தலைமைக்குப் போட்டியாளர்கள்மேல் பயம், நடுமட்ட மேலாளர்களுக்குத் தலைமைமேல் பயம். நோக்கியா கைப்பேசிகளை இயக்கிய சிம்பியன் மென்பொருளின் கோளாறுகள் மேலே போகும்போது பூசி மெழுகித்தான் போயின. 2013-இல் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள்.

ஃபோர்டிலும் 2006-இல் கிட்டத்தட்ட இதே நோய்தான். அந்த ஆண்டு நட்டம் ஆயிரம் கோடி டாலருக்கு மேல், ஆனால் கூட்டத்தில் எல்லார் அறிக்கையும் பச்சை, அதாவது 'எல்லாம் சரி'! கடைசியில் மேலதிகாரிகளில் ஒருவரான மார்க் ஃபீல்ட்ஸ் 'சிக்கல்' என்று சிவப்பு காட்டினார், புதிய தலைமை நிர்வாகி ஆலன் முலாலி திட்டாமல் கைதட்டினார், அப்புறம் மற்றவர்களும் மெல்ல வாய் திறந்தார்கள்.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? மிரட்டல் நீடித்தால் மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசாலும் நார்அட்ரினலினும் கூடி, நிதானமாக யோசிக்கிற முன்மூளைப் புறணி தடுமாறும். இது திட்டு வாங்குபவருக்கு மட்டுமல்ல, பதறுகிற முதலாளிக்கும் பொருந்தும். நம்பிக்கைக்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்தான் காரணம் என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். அதை மூக்கில் தெளித்துப் பார்த்து, நம்பிக்கை கூடுகிறது என்ற 2005 ஆய்வு பிரபலம்தான், ஆனால் பின்னால் திரும்பச் செய்தபோது அதே முடிவு உறுதியாகவில்லை. என் ஓட்டு முலாலிக்கு, ஆக்சிடோசினை நம்பி இல்லை, கெட்ட செய்தி சீக்கிரம் மேசைக்கு வருகிறது என்பதால்.